ஆக்ஸிஜன் மனு: எவ்வளவு, யாரிடம், என்னென்ன என்று எழுதிக் கேட்போம்

ஊரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் உறவுகள் அனைவருக்கும் வணக்கம். (இது 2021 மே மாதம், கோவிட் இரண்டாம் அலையின்போது எழுதிய மடல். இதில் உள்ள ஆணை, விலை, கெடு எல்லாம் அன்றைய நிலை.)

குழுவில் சுற்றுக்கு வந்த மனு வரைவைப் படித்தோம். "எங்கள் பகுதி அரசு மருத்துவமனைக்குப் போதிய ஆக்ஸிஜன் வசதியை உடனே செய்து தர வேண்டும்" என்ற ஒரே வரிதான் அதில் கோரிக்கை. அதை அப்படியே அனுப்பினால் "பரிசீலிக்கப்படும்" என்று ஒரு பதில் வரும், கோப்பு மூடப்படும். ஆக்ஸிஜன் ஆலையிலிருந்து நோயாளியின் முகமூடி வரை வந்து சேர ஐந்தாறு கண்ணிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு அலுவலகத்தின் பொறுப்பு. எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது, அதை யார் சரிசெய்ய முடியும் என்று பெயரிட்டுக் கேட்டால்தான் மனு நகரும். ஆகவே வரைவை மாற்றி எழுதுவதற்கு வேண்டிய விவரங்களைக் கீழே கொடுக்கிறோம்.

முதலில் கணக்கு. மத்திய அரசு மாநிலங்களுக்கு ஆக்ஸிஜன் ஒதுக்கும்போது தீவிர சிகிச்சைப் படுக்கைக்கு நிமிடத்துக்கு 24 லிட்டர், சாதாரணப் படுக்கைக்கு 10 லிட்டர் என்ற அளவை 2021-இல் வைத்திருந்தது. சாதாரணப் படுக்கைகளில் பாதிப் பேருக்குத்தான் ஆக்ஸிஜன் தேவைப்படும் என்பது அதன் அனுமானம். இப்போது வார்டுகள் இருக்கும் நிலையில் அந்தப் பாதிக் கணக்கை நாம் ஏற்கக் கூடாது. 40 ஆக்ஸிஜன் படுக்கையும் 10 தீவிர சிகிச்சைப் படுக்கையும் உள்ள ஒரு வட்ட மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். 400 லிட்டரும் 240 லிட்டரும் சேர்ந்து நிமிடத்துக்கு 640 லிட்டர். ஒரு நாளைக்கு 921 கன மீட்டர். திரவ ஆக்ஸிஜன் ஒரு டன் ஆவியானால் ஏறத்தாழ 750 கன மீட்டர் வாயு கிடைக்கும். ஆக நாள் ஒன்றுக்கு ஒன்றேகால் டன் அளவுக்கு வேண்டும்.

இதையே சிலிண்டரில் கணக்கிட்டுப் பாருங்கள். ஆஸ்பத்திரிகளில் ஜம்போ என்று சொல்கிற டி வகை சிலிண்டரில் 7 கன மீட்டர் இருக்கும். நாளைக்கு 132 சிலிண்டர் வேண்டும். சிலிண்டர்களை வரிசையாக மாட்டி வார்டுக் குழாயோடு இணைக்கும் மேனிஃபோல்டில் பத்துப் பத்தாக இரண்டு வரிசை இருக்கிறது என்றால், ஒரு வரிசை இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. இரவு முழுவதும் ஒரு ஆள் அங்கேயே நின்று, தீர்ந்த வரிசையைக் கழற்றி நிறைந்ததை மாட்ட வேண்டும். அந்த ஆள் ஒரு மணி நேரம் தூங்கிவிட்டால் வார்டில் அழுத்தம் விழும். சிலிண்டரை மட்டும் நம்பி இத்தனை படுக்கைகளை நடத்தக் கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும். மனுவின் முதல் பத்தியில் இந்தக் கணக்கு இருக்க வேண்டும். படுக்கை எண்ணிக்கையை மட்டும் மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது பணமே அதிகம் தேவைப்படாத கோரிக்கை. நம் வரைவில் அது அறவே இல்லை. குழாய்களிலும் இணைப்புகளிலும் கசிவு இருக்கிறதா என்று சோதிப்பது, பயன்படுத்தாத முனைகளை மூடி வைப்பது, நோயாளி சாப்பிடும்போதும் கழிப்பறைக்குப் போகும்போதும் முகமூடியைக் கழற்றி வைத்திருந்தால், ஓட்டத்தை அளந்து விடும் ஃப்ளோமீட்டரை நிறுத்துவது, ரத்தத்தில் ஆக்ஸிஜன் பூரிதம் 92 முதல் 96 சதவீதத்துக்குள் நிற்கும் அளவுக்கு ஓட்டத்தைக் குறைப்பது. 99 காட்ட வேண்டும் என்று 15 லிட்டரில் திறந்து விட்டிருக்கும் படுக்கைகள் எத்தனையோ. இதைப் பார்ப்பதற்கென்றே ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஒரு செவிலியரை நியமித்து, மணிக்கொரு முறை அளவைப் பதிவேட்டில் எழுதச் சொல்ல வேண்டும். 2021 மே முதல் வாரத்தில் உச்ச நீதிமன்றம் அமைத்த 12 பேர் கொண்ட தேசியப் பணிக்குழுவின் வேலைகளில் ஆக்ஸிஜன் தணிக்கையும் ஒன்று. எனவே "தணிக்கை நடந்ததா, அறிக்கை எங்கே" என்று கேட்க நமக்கு வலுவான பிடி இருக்கிறது. இந்தக் கோரிக்கை மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்குப் போக வேண்டும். நகல் ஆட்சியருக்கு.

இனி, எல்லோரும் கேட்கிற ஆக்ஸிஜன் ஆலை, அதாவது பி.எஸ்.ஏ. இயந்திரம். காற்றை அழுத்தி ஜியோலைட் என்ற நுண்துளைக் கனிமப் படுகைக்குள் அனுப்பினால் அது நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும், ஆக்ஸிஜன் வெளியே வரும். கிடைப்பது 93 சதவீதத் தூய்மை, மூன்று சதவீதம் கூடலாம் குறையலாம். நோயாளிக்கு அது போதும். ஆனால் மேலே சொன்ன மருத்துவமனைக்கு நிமிடத்துக்கு 500 லிட்டர் தரும் இயந்திரம் பற்றாது. 1000 லிட்டர் வேண்டும். பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. தொழில்நுட்பத்தில் அமையும் ஆலைகள் அந்த அளவுதான். அதில் தேஜஸ் போர் விமானத்துக்காக உருவாக்கிய முறை பயன்படுகிறது. பிரதமர் பெயரிலான பி.எம். கேர்ஸ் நிதியில் 500 ஆலைகள் என்று 2021 ஏப்ரல் 28 அன்று அறிவித்தார்கள். அவற்றில் 48-ஐச் செய்யும் பொறுப்பு கோவை ட்ரைடென்ட் நியுமாட்டிக்ஸ் நிறுவனத்துக்குக் கிடைத்தது.

பட்டியலில் இடம் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். இதே நிதியில் 162 ஆலைகளுக்கு 2021 ஜனவரியிலேயே 201.58 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். ஏப்ரல் நடுவில் நிறுவி முடிந்தவை 33 மட்டுமே. இயந்திரம் லாரியில் வந்து இறங்கிய பிறகு தேவைப்படும் சின்னச் சின்ன வேலைகளுக்கு ஒருவரும் பொறுப்பேற்காவிட்டால் அது தார்ப்பாயின் கீழேயே கிடக்கும். ஆகவே மனுவில் இவை தனித்தனி வரிகளாக வர வேண்டும்: பொதுப்பணித் துறை போட வேண்டிய கான்கிரீட் தளமும் கூரையும், மின்வாரியம் தர வேண்டிய மும்முனை இணைப்பு, தேவையானால் தனி மின்மாற்றி, அந்தச் சுமையைத் தாங்கும் ஜெனரேட்டர், வார்டு வரை செம்புக் குழாய், வெளிவரும் வாயுவின் தூய்மையை இடைவிடாது காட்டும் கருவி, அளவு குறைந்தால் அலாரம். காற்று உலர்த்தியும் எண்ணெய் வடிகட்டியும் சரியாக இல்லாவிட்டால் ஈரமும் எண்ணெயும் ஜியோலைட்டில் ஏறி, சில மாதங்களிலேயே தூய்மை இறங்கிவிடும். நம் பக்கத்து ஈரக் காற்றுக்கு இதை வலியுறுத்தியே எழுத வேண்டும். பராமரிப்பு ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, இயக்குபவர் யார், அவருக்குச் சம்பளம் எந்தத் தலைப்பில் என்பதையும் கேளுங்கள்.

இன்னொன்று. பி.எஸ்.ஏ. இயந்திரத்திலிருந்து வரும் அழுத்தம் நான்கைந்து பார் (அழுத்தத்தின் அலகு) அளவில்தான் இருக்கும். சிலிண்டர் நிரப்ப 150 பார் வேண்டும். அழுத்தத்தை ஏற்றும் பூஸ்டர் கம்ப்ரஸரும் நிரப்பும் முனையும் சேர்த்துக் கேட்காவிட்டால், சுற்றியுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு அந்த ஆலையால் ஒரு சிலிண்டர்கூட நிரப்பித் தர முடியாது.

எங்கள் கருத்தில் ஆலையைவிட முதலில் கேட்க வேண்டியது திரவ ஆக்ஸிஜன் கலன். 6 கிலோ லிட்டர் கலனில் ஆறே முக்கால் டன் பிடிக்கும். மேற்சொன்ன கணக்குக்கு ஐந்து நாள் ஓடும். மின்சாரம் போனாலும் ஓடும். ஆயிரம் லிட்டருக்கு மேற்பட்ட கலன் என்பதால் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் உரிமம் வேண்டும். கூடவே கேட்க வேண்டியது, திரவத்தை வாயுவாக மாற்றும் ஆவியாக்கி. பல இடங்களில் கோட்டை விடுவது இங்கேதான். கலன் நிறைய திரவம் இருக்கும், வார்டில் அழுத்தம் விழும். காரணம், ஆவியாக்கியின் திறனுக்கு மேல் வாயுவை இழுத்தால் அதன் மேல் பனி உறைந்து ஆவியாவது குறையும். நம் கணக்குப்படி மணிக்கு 38 கன மீட்டர் தேவை. ஆனால் பத்துத் தீவிர சிகிச்சைப் படுக்கைகளிலும் உயர் ஓட்டக் கருவியை நிமிடத்துக்கு 60 லிட்டரில் வைத்தால் மொத்தத் தேவை மணிக்கு 60 கன மீட்டராகிவிடும். ஆகவே மணிக்கு 100 கன மீட்டர் தரும் ஆவியாக்கி இரண்டு, மாற்றி மாற்றி இயங்கும்படி வேண்டும். நிரப்பும்போது பயிற்சி பெற்றவர் ஒருவர் அங்கே இருக்க வேண்டும் என்பதையும் சேருங்கள். 2021 ஏப்ரல் 21 அன்று நாசிக் மருத்துவமனையில் கலன் கசிந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மூச்சுத்திணறி இறந்தார்கள். அதை யாரும் மறந்திருக்க முடியாது.

கலனை வைத்துவிட்டால் அதை நிரப்ப டேங்கர் வர வேண்டும். 2021 மே மாதத்தில் நாட்டில் உற்பத்தியைவிடப் பெரிய நெருக்கடி டேங்கர்தான். பெரிய ஆலைகள் ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கம். திரவத்தோடு விமானத்தில் ஏற்ற முடியாது, காலி டேங்கரைத்தான் பறக்கவிட முடிகிறது. நைட்ரஜன், ஆர்கான் டேங்கர்களைச் சுத்தம் செய்து ஆக்ஸிஜனுக்கு மாற்ற மத்திய அரசே உத்தரவிட்டிருக்கிறது. எனவே மாநில அரசிடம் கேட்க வேண்டியது: நம் மருத்துவமனைக்கு எந்த ஆலையிலிருந்து, வாரத்துக்கு எத்தனை நடை, டேங்கர் யாருடையது, அது வராவிட்டால் மாற்று எது. தூத்துக்குடி ஸ்டெர்லைட் வளாகத்தில் ஆக்ஸிஜன் பிரிவை மட்டும் 2021 ஜூலை 31 வரை இயக்க உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு ஏப்ரல் 27-இல் அனுமதி கொடுத்தது. மகேந்திரகிரி இஸ்ரோ வளாகத்திலிருந்தும் 2021-இல் திரவ ஆக்ஸிஜன் தந்தார்கள். தென் மாவட்டங்களுக்கு இந்த இரண்டும் பக்கம். ஒதுக்கீட்டைக் கேட்கும்போது இவற்றைப் பெயர் சொல்லியே கேட்கலாம்.

தொழில் நிறுவனங்களுக்குத் தனிக் கடிதம் போக வேண்டும். "உதவுங்கள்" என்று எழுதாமல் சட்டத்தைச் சுட்டி எழுதுவோம். நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்பது நிறுவனச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு. ஆக்ஸிஜன் ஆலை, சேமிப்புக் கலன், சிலிண்டர், காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் சிறு கருவியான செறிவூட்டி எல்லாம் அதில் அடங்கும் என்று 2021 மே 5 அன்று மத்திய நிறுவன விவகார அமைச்சகம் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. பணத்தைவிட அவர்களிடம் இருக்கும் பொருளும் ஆளும் இப்போது முக்கியம். வெல்டிங் பட்டறைகளிலும் ஆலைகளிலும் காலி சிலிண்டர்கள் கிடக்கின்றன. திரவ ஆக்ஸிஜனை மருத்துவம் தவிர வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று 2021 ஏப்ரல் 25 அன்று மத்திய அரசு உத்தரவிட்ட பிறகு அவை சும்மா கிடப்பதில் பொருளில்லை. ஆனால் தொழிற்சாலை சிலிண்டரை அப்படியே மருத்துவமனைக்கு அனுப்பக் கூடாது. உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஆக்ஸிஜன் பட்டதும் தீப்பிடிக்கும். கழுவி, வால்வு மாற்றி, நீரழுத்தச் சோதனைத் தேதி பார்த்து, பெசோ விதிப்படி மாற்ற வேண்டும். குழாய் பற்றவைக்கத் தெரிந்த ஃபிட்டர்களையும் ஒரு ஜெனரேட்டரையும் இரண்டு மாதத்துக்குத் தாருங்கள் என்று கேட்டால் கொடுக்க முடிகிற நிறுவனங்கள் நம் மாவட்டத்திலேயே உண்டு.

வாயு நிரப்புவோருக்கு எழுதும்போது விலையையும் குறிப்பிடுங்கள். நிரப்பும் இடத்தில் கன மீட்டருக்கு 25.71 ரூபாய் என்று மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையம் 2021-இல் உச்சவரம்பு வைத்திருந்தது. ஒரு ஜம்போவுக்கு 180 ரூபாய், அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் போக்குவரத்தும். ஆயிரக்கணக்கில் விலை கேட்டு வாங்குகிறார்கள் என்றால் ரசீதோடு ஆட்சியரிடம் புகார் கொடுக்கலாம்.

குழுவில் பலர் செறிவூட்டிகள் வாங்கி அனுப்பத் துடிக்கிறார்கள். அந்த அக்கறைக்குத் தலை வணங்குகிறோம். ஆனால் அமெரிக்கா, கனடாவில் இருப்போர் கடையில் கிடைப்பதை வாங்கிவிடாதீர்கள். அவை 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். மின்மாற்றி போட்டு வோல்ட்டைச் சரிசெய்யலாம், ஹெர்ட்ஸ் மாறாது. பெரும்பாலான கருவிகளில் கம்ப்ரஸர் மெதுவாக ஓடிச் சூடேறும், ஆக்ஸிஜன் அளவு குறையும். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று பெட்டியில் இருக்க வேண்டும். முழு ஓட்டத்திலும் 90 சதவீதத்துக்குக் குறையாத தூய்மை வேண்டும். 1 லிட்டரில் 93 காட்டி 5 லிட்டரில் பாதியாகும் மலிவுக் கருவிகள் சந்தையில் நிறைய. நல்ல கருவியாக இருந்தாலும் அது லேசான பாதிப்பு உள்ளவர்களுக்கும், படுக்கை கிடைக்கும் வரை காத்திருப்பவர்களுக்கும்தான். தீவிர சிகிச்சைக்கு ஆகாது.

அனுப்பும் வழியிலும் சிக்கல் இருக்கிறது. இலவசமாக வழங்க நன்கொடையாக வரும் கோவிட் பொருள்களுக்கு, இறக்குமதியின்போது விதிக்கும் ஐ.ஜி.எஸ்.டி. வரியிலிருந்து விலக்கு முதலில் 2021 ஜூன் 30 வரை அறிவிக்கப்பட்டிருந்தது. அதற்கு மாநில அரசின் ஒருங்கிணைப்பு அதிகாரியிடம் சான்று முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும். சரக்கு வந்த பிறகு ஓடினால் சுங்கக் கிடங்கில் நாள் போகும். பணமாக அனுப்புவோர் கவனிக்க: இந்தியக் குடியுரிமை உள்ளவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது, பாஸ்போர்ட் நகலை இணைத்தால் போதும். வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்றவர், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், சட்டப்படி வெளிநாட்டு மூலம்தான். வெளிநாட்டில் பதிவான சங்கத்தின் கணக்கும் அப்படியே. வெளிநாட்டு நன்கொடை பெற எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தில் பதிவு செய்துள்ள அறக்கட்டளைக்கே அனுப்பினாலும், 2020 திருத்தத்துக்குப் பிறகு அது இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. ஆகவே செலவு செய்யப் போகிற அமைப்புக்கே நேராகப் போக வேண்டும்.

மனு அனுப்பிய பத்தாம் நாள் வரை பதில் இல்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்போம். உயிர் தொடர்பான தகவலை 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்று 7-ஆம் பிரிவு சொல்கிறது. விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே அதைக் குறிப்பிட வேண்டும். இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே அந்த உரிமை என்பதால் பாஸ்போர்ட் மாற்றாதவர்கள் பெயரில் போகட்டும். மத்திய ஒதுக்கீடு தொடர்பான புகாரை மத்திய அரசின் குறைதீர்ப்பு இணையதளத்தில் எங்கிருந்தும் பதியலாம்.

ஆகவே ஒரே மனுவுக்குப் பதில் நான்கு கடிதங்கள்: இணை இயக்குநருக்குத் தணிக்கையும் கசிவுச் சோதனையும், ஆட்சியருக்குக் கலன், ஆவியாக்கி, தளம், மின் இணைப்பு, மாநில சுகாதாரத் துறைக்கு டேங்கர் ஒதுக்கீடும் பி.எஸ்.ஏ. ஆலையும், நிறுவனங்களுக்குச் சமூகப் பொறுப்பு நிதியும் சிலிண்டரும். ஒவ்வொன்றும் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம், கணக்கு மட்டும் இணைப்பாக இருக்கட்டும். குழாய்ப் பணி, மின்பணி தெரிந்தவர்கள் இரண்டாம் கடிதத்தின் அளவுகளைச் சரிபார்த்து இந்த மடலுக்கே பதிலிடுங்கள். ஊரில் இருக்கும் தம்பிகள் கண்காணிப்பாளரிடம் ஐந்து விவரம் வாங்கி அனுப்ப வேண்டும்: படுக்கை எண்ணிக்கை, கையிருப்புச் சிலிண்டர், மேனிஃபோல்டு வரிசை, பிரதானக் குழாயின் விட்டம், ஜெனரேட்டரின் திறன் (கே.வி.ஏ.). அவை வந்த அன்றே கடிதங்கள் கிளம்பும்.

சுகாதாரக் குழுவுக்காக