நாகர்கோவிலில் கோதுமை, பால், முட்டை மூன்றும் இல்லாத கேக் கிடைக்குமா?

வடசேரிக்காரர்:
மகளுக்குச் சீலியாக் (கோதுமை உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத நோய்). நானும் மனைவியும் பால், முட்டையை விட்டாச்சு. பேக்கரியில் கேட்டால் "எக்லெஸ் இருக்கு சார்" என்று மைதா கேக்கை நீட்டுகிறார்கள். எங்கே போவது?

தக்கலை அண்ணாச்சி:
எக்லெஸில் பால், வெண்ணெய் இருக்கும் தம்பி. ராகி பிஸ்கட்டையும் நம்பாதீங்க, பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்க. பலதில் கோதுமை மாவும் இருக்கும்.

மார்த்தாண்டம் அக்கா:
கடையை விடுங்க, நம்ம ஊர்ச் சாமானே போதும். பச்சரிசி மாவு, அதில் கால் பங்கு மரச்சீனி (மரவள்ளி) மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி. முட்டைக்குப் பதில் நன்றாகக் கனிந்த மட்டிப்பழம் (2023-ல் புவிசார் குறியீடு வாங்கியதாக்கும்!). சோடா உப்போடு கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. 180 டிகிரி. ஆறுமுன் வெட்டினால் உதிரும். தேன் மட்டும் வேண்டாம், அது வீகனில் (உயிரினங்களிடமிருந்து கிடைக்கும் எதையும் சேர்க்காத உணவில்) சேராது. தேனுக்குப் பேர்போன மார்த்தாண்டத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்ல எனக்கே மனசில்லை.

வடசேரிக்காரர்:
அருமை அக்கா. முந்திரிக்கொத்து வாங்கலாமா?

மார்த்தாண்டம் அக்கா:
உள்ளே சிறுபயறும் கருப்பட்டியும்தான். மேல்மாவில் சிலர் மைதா கலப்பார்கள், கேட்டு வாங்குங்க. அதே எண்ணெயில் மைதாப் பலகாரம் பொரித்திருந்தால் பிள்ளைக்குக் கொடுக்காதீங்க.