பேஷன் ஃப்ரூட் கொடியில் பூ நிறைய, காய் மட்டும் பிடிக்கவில்லை

உறையூர் மாடி:
வணக்கம். மாடியில் பெரிய டிரம்மில் மஞ்சள் பேஷன் ஃப்ரூட் வைத்திருக்கிறேன். நர்சரியில் வாங்கிய ஒரே கன்று. பந்தல் முழுக்கப் படர்ந்து தினமும் பூக்கிறது. மதியம் 12 மணிக்கு மேல்தான் மலரும், மறுநாள் காலையில் சுருண்டிருக்கும், அப்புறம் காம்போடு உதிர்ந்துவிடும். பிரஷ்ஷால் மகரந்தம் தொட்டு வைத்த பூக்களும் நிற்கவில்லை. பஞ்சகவ்யா, மீன் அமிலம் தவறாமல் கொடுக்கிறேன். வெயில்தான் காரணமா? கொடியை எடுத்துவிடலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை.

தாண்டிக்குடி தோட்டம்:
எடுக்காதீர்கள். நல்ல கொடி, துணைதான் இல்லை. எங்கள் மலையில் தாட்பூட் பழம் என்று விற்கும் ஊதா வகை தன் மகரந்தத்திலேயே காய்க்கும். மஞ்சள் வகை அப்படியில்லை. தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. நீங்கள் எத்தனை முறை பிரஷ் பிடித்தாலும் அதே கொடியின் பூவிலிருந்து எடுத்தால் பலனில்லை.

இன்னொரு மஞ்சள் கன்று வையுங்கள். உங்கள் கொடியிலிருந்தே தண்டு வெட்டி வைத்தால் அதுவும் இதே செடிதான், ஆகவே வேறு இடத்தில் வாங்கிய பழத்தின் விதையைப் போடுங்கள். ஊதா வகையைத் துணைக்கு நம்பவேண்டாம். அது காலையில் பூத்து நண்பகலோடு மூடிக்கொள்ளும், உங்களுடையது அப்போதுதான் திறக்கும்.

பூவை ஒருநாள் கிட்டத்தில் பாருங்கள். மேலே மகரந்தத்தை ஏற்கும் மூன்று சூல்முடிகள், கீழே ஐந்து மகரந்தப்பைகள். மலர்ந்த உடனே சூல்முடிகள் நிமிர்ந்து நிற்கும். நேரம் போகப் போக வளைந்து மகரந்தப்பைகளின் மட்டத்துக்கு இறங்கும். அப்போதுதான் பிரஷ் போடவேண்டும். சில பூக்களில் கடைசிவரை நிமிர்ந்தே இருக்கும், அவற்றை விட்டுவிடுங்கள், காயாகாது. மழை பெய்யும்போதும் வேண்டாம், நீர் பட்டால் மகரந்தம் வெடித்துவிடும்.

மீன் அமிலத்தைக் கொஞ்சம் குறையுங்கள். தழைச்சத்து கூடினால் இலைதான் கொழிக்கும்.

வளவு, யாழ்ப்பாணம்:
எங்கள் வளவில் கொடித்தோடையை (பேஷன் ஃப்ரூட்டுக்கு எங்கள் பெயர்) வேலியில் விட்டிருக்கிறோம். பிரஷ் ஒன்றும் தேவைப்படுவதில்லை, கருவண்டு பார்த்துக்கொள்கிறது. அது பெரிய வண்டு, தேன் குடிக்கக் குனியும்போதே முதுகு முழுக்க மகரந்தம் அப்பிவிடும். சின்னத் தேனீக்கு அந்த உயரம் எட்டாது. உலர்ந்த முருங்கைக் கட்டை ஒன்றைப் பந்தலடியில் கட்டிவிடுங்கள், துளைத்துக் குடியிருக்க வரும்.

உறையூர் மாடி:
இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. மணப்பாறையில் என் சித்தி வீட்டிலும் மஞ்சள் கொடி இருக்கிறது, பழம் கேட்டிருக்கிறேன். இன்னொரு சந்தேகம். இலைகளைச் செம்பழுப்பு நிறத்தில் முள்முள்ளாக ஒரு புழு கூட்டமாகத் தின்கிறது. மருந்து அடிக்கலாமா?

தாண்டிக்குடி தோட்டம்:
பெரும்பாலும் அது ஆரஞ்சு நிறத்தில், கரும்புள்ளிகளோடு மெதுவாகப் பறக்கும் பட்டாம்பூச்சியின் புழுவாக இருக்கும். வேலியோரத்துச் சிறுபூனைக்காலியையும் இதே குடும்பம் என்பதால் தின்னும். மாடி அளவுக்குக் கையுறை போட்டுப் பொறுக்கி எடுத்தாலே போதும். கொடி பெரிதென்றால் கொஞ்சம் விட்டுவிடுங்கள், அதுவும் பிழைக்கட்டும். வேப்பெண்ணெய் அடித்தே தீரவேண்டுமென்றால் விடியற்காலையில் அடியுங்கள். எல்லாச் செடிக்கும் மாலையில் அடிக்கச் சொல்வார்கள், மஞ்சள் வகைக்கு அது சரிவராது. மாலையில் பூ திறந்திருக்கும், வண்டு வரும் நேரம்.

இன்னொன்று. புதுக் கொம்பில்தான் பூ வரும். காய்ப்பு முடிந்ததும் பழைய கொம்புகளைக் கவாத்து செய்யுங்கள். காய் பிடித்தால் பழுக்க இரண்டு, இரண்டரை மாதம் ஆகும். பறிக்கவேண்டாம், பழுத்தால் தானே விழும். அடியில் வலை கட்டிவிடுங்கள், தரையில் விழுந்தால் அடிபடும்.