கேசிங்: தோல்வேலைக்கு ஒரு சொல் தேவை

தோற்பை:
வணக்கம். இடைவார், கத்தியுறை, நாடகத்துக்கும் கற்பனை வேடத்துக்குமான கைக்கவசம், தோள்கவசம் ஆகியவற்றின் செய்முறைகளைத் தமிழில் தொகுத்து வருகிறேன். செதுக்குவதற்கு முன் தோலை ஈரமூட்டித் தயார்செய்யும் 'கேசிங்' என்ற இடத்தில் நின்றுவிட்டது. 'நனைத்தல்' என்று போட்டுவிடலாமா?

குத்தூசி:
> நனைத்தல் என்று போட்டுவிடலாமா

போதாது. மரப்பட்டையில் பதனிட்ட 3 மி.மீ. தோலை ஈரப் பஞ்சால் இருபுறமும் துடைக்கிறோம். அல்லது தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி அடங்கும் தறுவாயில் எடுக்கிறோம். நனைத்தல் அதோடு முடிந்தது. உடனே கத்தியை வைத்தால் மேற்புறம் சொதசொதவென்றிருக்கும், நடு காய்ந்து கிடக்கும். அதனால் பாலித்தீன் பைக்குள் மடியாமல் வைத்து ஓர் இரவு விடுகிறோம். ஈரம் நார்களுக்குள் சீராகப் பரவ அந்த நேரம் வேண்டும். நம்மூர் வெக்கைக்கு வெளியே போட்டுவைத்தால் பூஞ்சை பிடிக்கும். ஃபிரிட்ஜில் வைக்கலாம், ஃப்ரீசரில் கூடாது.

காலையில் எடுத்துக் காற்றாட வைத்தால் கறுத்திருந்த தோல் மெல்லப் பழைய வெளிர்நிறத்துக்குத் திரும்பும். நிறம் திரும்பியிருக்க வேண்டும், ஆனால் கன்னத்தில் வைத்தால் சில்லென்றிருக்க வேண்டும். கேசிங் என்பது இந்த நிலைதான். வடிவம் பதிக்கும் அச்சுளியை வைத்துத் தட்டினால் குழி இறங்கி, இறங்கிய இடம் தானாகவே பழுப்பேறும். உளியைச் சுற்றி நீர் கசிந்தால் ஈரம் மிஞ்சிவிட்டது; தட்டிய குழி சற்று நேரத்தில் உப்பி மழுங்கிப்போகும். கத்தி இழுபட்டு, குழி நிறம் மாறாமல் இருந்தால் காய்ந்துவிட்டது. ஆகவே சொல் வினையை மட்டும் சொன்னால் போதாது, நிலையையும் சொல்ல வேண்டும்.

ஏட்டுப்புழு:
'ஈரப்பதம்' காற்றுக்குப் போய்விட்டது. 'ஓதம்' எப்படி? சுவரில் ஓதம் ஏறுகிறது என்கிறோமே, உள்ளுக்குள் பரவும் ஈரம் அதுதானே. ஓதமேற்றல், ஓதத் தோல்.

கடுக்காய்:
சித்த வைத்தியரிடம் போய் 'ஓதம்' என்று சொல்லிப் பாருங்கள், விரைவீக்கத்துக்கு மருந்து கட்டித் தருவார். அது தவிர, சுவர் ஓதம் வேண்டாத ஈரம். இது நாமே வரவழைப்பது.

'பதமூட்டல்' என்று யாரேனும் சொல்வதற்கு முன் ஒன்று. தோல் பதனிடுதல் என்பது ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் ஊன்றிவிட்ட சொல். பதனிட்ட தோல், பதமூட்டிய தோல் இரண்டும் ஒரே பத்தியில் வந்தால் படிப்பவர் குழம்புவார். ஆனால் 'பதம்' என்ற பகுதியை விட்டுவிடவும் மனமில்லை. பாகு பதம், மண் பதம் என்று கைவேலையில் சரியான தருணத்தைச் சொல்ல அதைவிட நல்ல சொல் இல்லை. என் முன்மொழிவு: ஊறுபதம். ஊறுகாய் போல வினைத்தொகை. ஊறுபதத் தோல், ஊறுபதத்தில் செதுக்குக, ஊறுபதம் தப்பியது. எல்லா வடிவமும் வளைந்து கொடுக்கிறது.

ஏட்டுப்புழு:
பதனிடும் தொழிற்சாலையில் பச்சைத்தோலின் உப்பைப் போக்கும் முதற்கட்டமே ஊறவைத்தல்தானே. மோதாதா?

கடுக்காய்:
மோதாது. அங்கே அது ஊறல், தொட்டியில் நடப்பது. இங்கே ஊறுபதம், மேசைக்கு வரும் முன் தோல் இருக்கும் நிலை.

குத்தூசி:
எனக்குச் சம்மதம். 'ஊறுபதம் தப்பியது' என்பதை அப்படியே பட்டறையில் சொல்லலாம். விளக்கத்தில் இரண்டு எச்சரிக்கை சேருங்கள். ஒன்று, குரோம் உப்பில் பதனிட்ட தோலுக்கு ஊறுபதம் கிடையாது. எவ்வளவு நனைத்தாலும் குழி நிற்காது. மற்றொன்று, ஈரத் தோலில் இரும்புத் தூளோ துருவோ பட்டால் கருநீலக் கறை விழும். பட்டையின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் மைதான். நம் நண்பரின் பெயரிலுள்ள கடுக்காயில் மை காய்ச்சியதும் இதே வேதியியல்.

தோற்பை:
ஊறுபதம் என்றே எழுதிவிடுகிறேன். அடுத்தது கவசப் பகுதி. தோலை நனைத்து முன்கை வடிவத்தின் மேல் அழுத்தி உருவம் பிடிக்க வைப்பதற்கு 'ஈரவார்ப்பு' என்று வைத்திருக்கிறேன்.

குத்தூசி:
வார்ப்பு என்றால் உருக்கி ஊற்றுவது. போதாக்குறைக்கு வார் என்பது தோல்பட்டை. 'நனைத்து உருப்பிடித்தல்' நீளமானாலும் தெளிவு. இதற்கு ஊறுபதம் போதாது, தோல் முழுக்க நனைய வேண்டும். வெதுவெதுப்பான நீரில் 10, 15 நிமிடம் போட்டு எடுத்து, அச்சின் மேல் விரலாலும் எலும்புத் தேய்ப்பானாலும் நீவி, கட்டி, நிழலில் காயவிட வேண்டும். அவசரப்பட்டு வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காட்டினால் மேற்புறம் வெடிக்கும்.

இன்னும் கெட்டியாக வேண்டுமென்றால் வெந்நீர். ஐரோப்பிய இடைக்காலக் கவசக்காரர் முறைக்குப் பிரெஞ்சில் 'வேகவைத்த தோல்' என்றுதான் பெயர், ஆனால் பெயரை நம்பி யாரும் கொதிக்கவைத்துவிடக் கூடாது. சுமார் 80 பாகை செல்சியஸில் அரை நிமிடம் அமிழ்த்தினாலே தோல் சுருங்கித் தடிக்கத் தொடங்கும். உடனே எடுத்துச் சூட்டோடு அச்சில் இழுத்துக் கட்ட வேண்டும், சில நிமிடத்தில் விறைத்துவிடும். கூடுதலாக விட்டால் அப்பளம் போல ஒடியும். எவ்வளவு சுருங்கும் என்பது தோலுக்குத் தோல் மாறும். அதே தோலில் ஒரு சாண் துண்டைச் சோதித்து அளந்த பிறகே கவசத்துக்கு வெட்ட வேண்டும். துளைகளைக் காய்ந்த பின் போடுங்கள். முன்பே போட்டால் இடம் மாறிவிடும்.

கடுக்காய்:
அப்படியானால் 'வேகவைத்தல்', 'கொதி' இரண்டும் வேண்டாம். வெந்நீர் இறுக்கல். உருப்பிடித்தலைத் தனிப் பதிவாக வையுங்கள், ஒன்றின் கீழ் மற்றொன்றைப் போடாதீர்கள். உருப்பிடித்த தோலை மறுபடி நனைத்தால் இளகும், வேறு உருவுக்கு மாற்றலாம். இறுக்கிய தோலின் நார் சுருங்கியது சுருங்கியதுதான்.

தோற்பை:
மூன்றும் தனித்தனிப் பதிவாக ஏறிவிட்டன. 'எலும்புத் தேய்ப்பான்' புதிதாக இருக்கிறதே, அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.