ஷூ பெட்டிக்குள் ஒரு மேன்டில்

நியூ ஜெர்சியிலிருந்து:

வீரர் படம் அச்சிட்ட பழைய பேஸ்பால் அட்டை ஒன்றைக் கையில் வாங்கியதும் ஒரு நிமிடமாவது நெஞ்சு படபடத்தவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு உங்களுடையதை எழுதுங்கள்.

போன மார்ச்சில் பக்கத்து வீட்டு மூதாட்டி எங்கள் கதவைத் தட்டினார். கணவர் இறந்து ஓராண்டு ஆகிறது. வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய் இருக்கப் போகிறார். பரணை ஒழித்தபோது ஒரு ஷூ பெட்டி கிடைத்ததாம். "நீ எதையோ சேகரிப்பவன்தானே, இதைக் கொஞ்சம் பார்" என்றார். நான் சேகரிப்பது தபால்தலை. அவருக்கு எல்லாம் ஒன்றுதான்.

மூடியைத் திறந்தால் முதல் அட்டையே நியூயார்க் யாங்கீஸ் அணியின் நட்சத்திரம் மிக்கி மேன்டில். நீலப் பின்னணி, தோளில் சாய்த்த மட்டை. டாப்ஸ் நிறுவனம் 1952இல் வெளியிட்ட வரிசையில் 311ஆம் எண். எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. 2022 ஆகஸ்டில் இதே அட்டையின் ஒரு பிரதி 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதை விற்றவர் 1991இல் 50,000 டாலருக்கு வாங்கியிருந்தார். அன்றைக்கு அதுவே பெரிய பணம். இத்தனைக்கும் இது மேன்டிலின் முதல் அட்டைகூட இல்லை. பௌமன் நிறுவனம் 1951இலேயே ஒன்று போட்டுவிட்டது. அது இந்த விலைக்குப் பக்கத்தில்கூட வருவதில்லை.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். 1952 வரிசையின் கடைசிப் பகுதி கடைக்கு வருவதற்குள் பேஸ்பால் பருவம் முடிந்துகொண்டிருந்தது. பையன்கள் அமெரிக்கக் கால்பந்துக்குத் தாவிவிட்டார்கள். விற்காத பெட்டிகள் கிடங்கில் தூங்கின. அந்த வரிசையை வடிவமைத்தவர்களில் முக்கியமானவரான சை பெர்கர், 1960இல் அவற்றைப் படகில் ஏற்றி அட்லாண்டிக்கில் கொட்டிவிட்டு வந்தார். இனாமாகக்கூட யாரும் எடுத்துக்கொள்ளவில்லை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

அந்த நேரத்தில் இந்தக் கதையெல்லாம் என் தலைக்குள் ஓடியது. மூதாட்டியிடம் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குள் போய் மகளின் ஸ்கேலை எடுத்துவந்தேன். அட்டை இரண்டரை அங்குல அகலம், மூன்றரை அங்குல உயரம். அசலாக இருந்தால் அகலத்தில் அரைக்கால் அங்குலமும் உயரத்தில் கால் அங்குலமும் கூடுதலாக இருக்க வேண்டும். 1957இல்தான் டாப்ஸ் இன்றைய அளவுக்கு வந்தது. திருப்பினேன். மறுபதிப்பு என்று பின்பக்கத்திலேயே சின்ன எழுத்தில் அச்சிட்டிருந்தது. 1983இல் டாப்ஸே அந்த வரிசையை மறுபடி அச்சிட்டு விற்றது, அதில் ஒன்று.

எப்படிச் சொல்வது என்று நான் விழித்தேன். அவரோ சிரித்தபடி, "தெரியும். நான்தான் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தேன்" என்றார். கணவர் பட்டாளத்தில் இருந்தபோது அவருடைய அம்மா பழைய அட்டைகளையெல்லாம் குப்பையில் போட்டுவிட்டாராம். இந்த நாட்டில் பாதி வீடுகளில் இந்தக் கதை உண்டு. எல்லா அம்மாக்களும் பத்திரமாக வைத்திருந்தால் இந்த அட்டைகளுக்கு விலையே இருந்திருக்காது.

எல்லாம் போகவில்லை. பெட்டியின் அடியில் பதினொரு அட்டைகள் தப்பியிருந்தன. அதில் ஒன்று பிட்ஸ்பர்க் வீரர் ராபர்ட்டோ கிளெமென்டேயின் 1956ஆம் ஆண்டு அட்டை. நடுவில் மடிப்பு. நான்கு மூலையும் தேய்ந்து உருண்டிருந்தன. ஒரு விளிம்பில் மட்டும் சதுரமாக ஓர் அமுக்கல், எதிர் விளிம்பில் நார் நாராகக் கிழிசல். சைக்கிளில் துணிக் கிளிப்பால் மாட்டி, சக்கரக் கம்பியில் அடித்துப் படபடவென்று மோட்டார் சைக்கிள் சத்தம் வரவைத்த தடம் அது. அட்டைச் சந்தையில் ஒரு வியாபாரி லென்ஸ் வைத்துப் பார்த்தார். அட்டையிலிருந்த வீரரின் முகத்தைப் பார்க்கவே இல்லை. மூலை, விளிம்பு, வெள்ளை ஓரம் நான்கு பக்கமும் சமமாக இருக்கிறதா என்பது, இவ்வளவுதான். "சைக்கிள் இல்லாத பையனிடம் இருந்திருந்தால் பத்து மடங்கு" என்று திருப்பிக் கொடுத்தார்.

ஓஹாயோவிலிருந்து:

உங்கள் மூதாட்டியாவது சிரித்தார். என் மனைவி முப்பது ஆண்டுகளாகச் சிரிக்கவில்லை. 1990இல் படிக்க வந்தேன். கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரும் அட்டை வாங்கினார்கள். "பிரிக்காமல் வை, பிள்ளையின் கல்லூரிக்கு ஆகும்" என்றார்கள். கல்யாணமே ஆகாத நான் பிள்ளையின் கல்லூரிக்காக வாங்கிப் பேஸ்மென்டில் அடுக்கினேன். அத்தனை பேரும் அதையே செய்தார்கள், நிறுவனங்களும் மலைமலையாக அச்சடித்துத் தள்ளின என்பது பிறகுதான் உறைத்தது. அந்தக் காலத்து அட்டைகளுக்கு இங்கே குப்பைக் காலம் என்றே பெயர். அப்பர் டெக் நிறுவனத்தின் 1989 வரிசையில் முதல் அட்டையான கென் கிரிஃபி ஜூனியர் போலச் சில மட்டும் தேறும், அதுவும் மாசு மறுவில்லாமல் இருந்தால்.

மகன் கல்லூரிக்குப் போன ஆண்டு ஒரு பொட்டலத்தைப் பிரித்தோம். உள்ளே அட்டைகளோடு வைத்து விற்ற சூயிங்கம் கண்ணாடித் துண்டு போல உடைந்து, கடைசி அட்டையின் முதுகில் எண்ணெய்க் கறையாக அப்பியிருந்தது. மகன் அதை வாயில் போடப் போனான், தட்டிவிட்டேன்.

வயிற்றெரிச்சலுக்கு இன்னொன்று. 2012இல் எங்கள் மாநிலத்தின் டிஃபையன்ஸ் ஊரில், தாத்தா வீட்டுப் பரணைச் சுத்தம் செய்த குடும்பத்துக்கு ஓர் அட்டைப்பெட்டி கிடைத்தது. உள்ளே 1910 வாக்கில் மிட்டாயோடு கொடுத்த அட்டைகள் சுமார் எழுநூறு. டை காப், ஹோனஸ் வாக்னர், சை யங் என்று அந்தக் காலத்து நட்சத்திரங்கள் எல்லோரும் நேற்று அச்சடித்தது போல இருந்தார்களாம். தாத்தா இறைச்சிக் கடை வைத்திருந்தவர். முதலீடு என்ற சொல்லே அவர் காதில் விழுந்திருக்காது.

நியூயார்க்கிலிருந்து:

ஓஹாயோ அண்ணனுக்கு அனுதாபங்கள். மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்துக்கு எல்லோரும் எகிப்து மம்மியைப் பார்க்கப் போவார்கள். நானும் அப்படித்தான் போனேன். வழி தவறி ஒரு நடைக்கூடத்தில் பேஸ்பால் அட்டைகள் முன்னால் நின்றேன். ஜெஃபர்சன் பர்டிக் என்பவர் கொடுத்தது. அட்டைகள், விளம்பரத் தாள்கள் என்று மூன்று லட்சத்துக்கும் மேல். அதில் பேஸ்பால் மட்டும் முப்பதாயிரத்துக்கும் அதிகம். தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், மூட்டுவாதத்தால் கை முடங்கியவர். பேஸ்பாலில் அவருக்குப் பெரிய ஈடுபாடுகூட இல்லையாம். டி206 என்று இன்று பல லட்சம் டாலர் பேச்சில் அடிபடும் அட்டை வரிசையின் பெயர் அவருடைய பட்டியலில் அவர் போட்ட எண்தான். டி என்றால் புகையிலை.

அவர் செய்த காரியம்தான் எனக்குப் பிடித்தது. அட்டைகளை ஆல்பங்களில் பசை போட்டு ஒட்டினார்! அட்டையின் நிலையைப் பார்த்து மதிப்பெண் போடும் இன்றைய தரமதிப்பீட்டாளர் பார்த்தால் மயங்கி விழுவார். 1963 ஜனவரியில் ஒட்டி முடித்தார், மார்ச்சில் இறந்தார். அந்த ஆல்பங்களில் டி206 வாக்னரும் இருக்கிறார். வெளியே அதே அட்டையின் ஒரு பிரதி 2022இல் 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குக் கைமாறியது. உலகில் அறுபது பிரதி தேறினால் அதிகம்.

அழகுக்கு ஆசைப்பட்டால் என்ன ஆகும் என்பதும் அதே வாக்னரில் தெரியும். மிகச் சிறந்த பிரதி என்று பி.எஸ்.ஏ. என்ற தரமதிப்பீட்டு நிறுவனம் 8 மதிப்பெண் கொடுத்த, ஒருகாலத்தில் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கிக்குப் பாதிச் சொந்தமாயிருந்த அட்டையின் ஓரத்தைக் கத்தரித்ததாக, அதை விற்ற வியாபாரி 2013இல் ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகும் அது புகழில் ஒரு படிகூட இறங்கவில்லை. எனக்கு இது இன்னும் விளங்கவில்லை.

டெக்சாஸிலிருந்து:

நியூ ஜெர்சி நண்பரே, அந்தக் கிளெமென்டேயைத் தரமதிப்பீட்டுக்கு அனுப்பினீர்களா? மதிப்பெண்ணோடு பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்து வந்தால் நம்பி வாங்குவார்களே.

நியூ ஜெர்சியிலிருந்து மீண்டும்:

அனுப்பலாம் என்று நானும் சொன்னேன். மடிப்பு விழுந்த அட்டைக்கு அடிமட்ட மதிப்பெண்தான் வரும். கட்டணமும் தபால் செலவும் போக மிஞ்சுவது ஒருநாள் நல்ல சாப்பாட்டுக்கு ஆகும். போலி இல்லை என்ற சான்றுக்காக வேண்டுமானால் அனுப்பலாம். மூதாட்டி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "யார் சைக்கிளில் இருந்தது என்று எனக்குத் தெரியுமே" என்றார். அத்தோடு விட்டுவிட்டேன்.

வீடு மாறிய அன்று பெட்டியை லாரியில் ஏற்ற விடவில்லை. மகளின் காரில் மடிமேல் வைத்துக்கொண்டார். மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தேன். மறுபதிப்பு மேன்டில் பழையபடி மேலே. ரப்பர் பேண்ட் மட்டும் போடாதீர்கள், ஓரத்தை வெட்டிவிடும் என்று ஒரு வாரம் முன்பே சொல்லியிருந்தேன். இரண்டு போட்டிருந்தார்.