மறு: மறு: கட்டற்ற சாலை? ஃப்ரீவேக்குச் சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

ஆங்கில 'ஃப்ரீவே'க்குத் தமிழ்ச் சொல் தேடி மூன்று நாளாக ஓடும் இழையை இப்போதுதான் முழுக்கப் படித்தேன். நேற்று பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நின்றபடியே பாதி படித்துவிட்டேன் என்பது வேறு கதை.

> ஃப்ரீ சாஃப்ட்வேரைக் கட்டற்ற மென்பொருள் என்கிறோமே, அதே போலக் கட்டற்ற சாலை என்றால் என்ன?

தம்பி, மென்பொருளில் புழங்குகிறவருக்கு அது இனிக்கும். ஆனால் ஃப்ரீவேயில் கட்டுதான் விஷயமே. 1930இல் எட்வர்டு பாசெட் என்ற நியூயார்க் வழக்கறிஞர் உருவாக்கிய சொல் அது. அவரும் நம்மைப் போல ஒரு கலைச்சொல் ஆசாமி! போக்குவரத்துக்கென்றே ஒதுக்கிய நிலப்பட்டை. ஓரத்தில் நிலம் வைத்திருப்பவருக்கு அதிலிருந்து வெளிச்சம், காற்று, நுழைவு எதற்கும் உரிமை கிடையாது. இதுதான் அவர் சொன்ன விளக்கத்தின் சாரம். ஆக, எதிலிருந்து விடுதலை? பக்கத்து வாசல்களிலிருந்து. காசைப் பற்றி அதில் பேச்சே இல்லை. அதனால் 'இலவசச் சாலை'யை இங்கேயே விட்டுவிடலாம்.

நம் பெங்களூரையே பாருங்கள். லாரிகள் நகருக்குள் வராமல் சுற்றிப் போகட்டும் என்று சுமார் 60 கிலோமீட்டருக்கு அவுட்டர் ரிங் ரோடு போட்டார்கள். சுங்கம் இல்லை. ஆனால் யார் வேண்டுமானாலும் அதில் வாசல் திறக்கலாம் என்று ஆனது. மாரத்தஹள்ளி, பெள்ளந்தூர் பக்கம் ஐடி வளாகங்கள் வரிசையாகத் திறந்தன. இன்று அது சுற்றுச்சாலை இல்லை, நகரத்தின் நடுத்தெரு. இந்தப் பக்கம் நைஸ் ரோடு. ஓசூர் ரோட்டிலிருந்து துமகூரு ரோடு வரை 41 கிலோமீட்டர், காசு கொடுக்காமல் நகர முடியாது, நினைத்த இடத்தில் ஏறவும் முடியாது. பாசெட் கணக்குப்படி எது ஃப்ரீவே? காசு வாங்குகிற நைஸ் ரோடுதான்!

இத்தனை ஆண்டுகளாகப் பேச்சிலேயே இருக்கும் பெரிஃபெரல் ரிங் ரோட்டுக்கு இப்போது பெங்களூரு பிசினஸ் காரிடார் என்று பெயர். சாலை வருவதற்கு முன்பே பெயரில் கடை திறந்தாயிற்று.

'விரைவுச்சாலை'யும் எனக்கு ஒப்பவில்லை. எக்ஸ்பிரஸ்வேக்கு அது நிலைத்துவிட்டது, இருக்கட்டும். ஆனால் அது வண்டியில் போகிறவன் பக்கம் நின்று வைத்த பெயர். ஓசூர்ப் பக்கம் என் பெரியப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. துணைநகரங்களைச் சுற்றி வரும் எஸ்.டி.ஆர்.ஆர். (சாட்டிலைட் டவுன் ரிங் ரோடு) அந்த வட்டாரத்தில் தமிழ்நாட்டுக்குள்ளும் வருகிறது இல்லையா, 'விரைவுச்சாலை வருது, முன்னாடி நாலு கடை கட்டிடலாம்' என்று ஒரு தரகர் ஆசை காட்டியிருக்கிறார். பெரியப்பாவும் செங்கல் விலை விசாரிக்கத் தொடங்கிவிட்டார். வேலி போட்ட சாலைக்கு முன்னால் கடை கட்டி யாருக்கு டீ விற்பது? அந்த வேலியைப் பற்றி 'விரைவு' என்ற சொல் அவருக்கு ஒன்றுமே சொல்லவில்லை.

எனவே என் முன்மொழிவு: வாயில்வழிச் சாலை. குறித்த வாயில்களின் வழியே மட்டும் ஏறி இறங்கும் சாலை.

அன்புடன்,
பொம்மனஹள்ளியிலிருந்து

---

> வாயில்வழிச் சாலை

அக்கா, வேகமாகச் சொன்னால் 'வாய்வழி' என்று காதில் விழுகிறது. சொட்டு மருந்து ஞாபகம்தான் வருகிறது.

பழைய சொல்லே இருக்கிறதே, பெருவழி! தருமபுரிப் பக்கம் கிடைத்த மைல்கல்லில் 'அதியமான் பெருவழி' என்றே வெட்டியிருக்கிறார்கள், நாவற்தாவளம் என்ற ஊருக்கு எத்தனை காதம் என்ற கணக்கோடு. கன்னடத்து ஹெத்தாரியும் பெரிய வழி என்றுதானே பொருள். இங்கே பக்கத்து வீட்டாருக்கும் புரியும்.

---

ஐயா,

வாய்வழி என்று நீங்கள் சொன்னபின் எனக்கும் அப்படித்தான் கேட்கிறது. சரி, 'வழி'யை எடுத்துவிடுகிறேன்.

பெருவழி அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் ஹெத்தாரி என்றால் ஹைவே. நமக்கும் நெடுஞ்சாலை ஏற்கெனவே இருக்கிறது. பெருவழியில் வணிகச் சாத்தும் போகும், ஊர்க்காரன் மாட்டையும் ஓட்டிக்கொண்டு போவான். நாம் தேடுவது மாட்டை விடாத சாலை. பெங்களூரு–மைசூரு சாலையின் நடுத்தடங்களில் 2023 ஆகஸ்டிலிருந்து பைக், ஆட்டோ, டிராக்டர் எதற்கும் இடமில்லை; எல்லாம் சர்வீஸ் ரோட்டில்தான். அந்த வித்தியாசம் சொல்லில் தெரிய வேண்டும்.

'வாயிற்சாலை' என்று சுருக்கிக்கொள்ளலாமா? பேச்சில் 'வாசல் ரோடு' என்று தேய்ந்தாலும் பொருள் கெடாது. ஏறி இறங்கும் இடத்துக்குத் தனிச்சொல்லும் வேண்டியதில்லை, வாயில் என்றே எழுதலாம். 'அடுத்த வாயில் 12 கி.மீ.' என்று ஒரு பலகையை நினைத்துப் பாருங்கள், உறுத்தவில்லை.

நேற்று இரவு பெரியப்பாவிடம் போனில் சொல்லிப் பார்த்தேன். 'வாயிற்சாலையா? அப்ப நம்ம காட்டுப் பக்கம் வாசல் வைப்பாங்களா?' என்று கேட்டார். 'இல்லை' என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், செங்கல்லுக்குக் கொடுத்த முன்பணம் திரும்பி வருமா என்று கேட்டார்.