மிஸ்காந்தி ஏரிக்கரையில் இறங்க விடாதது சரியா?

மணல்வழி:
சிலியின் அத்தகாமா பாலைவனத்துக்குப் போய் வந்து பத்து நாள் ஆகிறது. இன்னும் மனதில் உறுத்துகிற ஒன்றை இங்கே கேட்கிறேன். சான் பெத்ரோ ஊரிலிருந்து காலையில் கிளம்பி, சொக்காயிரே கிராமத்தைத் தாண்டி மேலே ஏறினால் மிஸ்காந்தி, மின்யீக்கேஸ் என்று இரண்டு ஏரிகள். கடல்மட்டத்திலிருந்து 4,100 மீட்டருக்கு மேலே. கடைசி வளைவில் வண்டி திரும்பியதும் கருநீலத் தண்ணீர், ஓரமெல்லாம் வெள்ளை உப்பு, மஞ்சள் புல், பின்னால் எரிமலை. கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

ஆனால் கரைக்குப் போக விடவில்லை. இருபக்கமும் கல் அடுக்கிய ஒரு பாதை, அதை விட்டு ஓர் அடி நகரக் கூடாது. ஒருவர் படம் எடுக்க நாலடி இறங்கினார், காவலர் விசில் அடித்துக் கூப்பிட்டுவிட்டார். அதே பாலைவனத்தில், கீழே சலார் உப்புவெளியில், லித்தியத்துக்காக உப்புநீரை இரவும் பகலும் இறைக்கிறார்கள். அதற்கு அனுமதி உண்டு. வாழ்நாளில் ஒரே முறை வருகிறவன் அந்தத் தண்ணீரில் விரல் நனைத்தால் மட்டும் ஏரி கெட்டுவிடுமா?

கூழைக்கடா:
கெடும் நண்பரே. ஏரியைவிட முதலில் அதில் குடியிருக்கிறவர்களுக்குக் கெடும். நீங்கள் நின்ற பாதையிலிருந்து பார்க்கும்போது தண்ணீருக்கு நடுவே குப்பல் குப்பலாகத் திட்டுகள் தெரிந்ததா? அவை கொம்பு நாமக்கோழியின் கூடுகள். இந்தப் பறவை ஆழம் குறைந்த இடத்தில் கூழாங்கற்களை அலகால் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து போட்டு, தண்ணீருக்கு அடியிலிருந்து ஒரு மேடு எழுப்புகிறது. மேலே பாசியும் நீர்ச்செடியும் பரப்பி முட்டையிடுகிறது. சில கூடுகளில் ஒன்றரை டன் வரை கல் இருக்கும் என்கிறார்கள். அதே மேட்டுக்கு அடுத்த ஆண்டும் வரும், மேலும் கல் சேர்க்கும்.

நாலடி இறங்கிய அந்த மனிதர் தீங்கு நினைத்திருக்க மாட்டார். ஆனால் ஆள் நெருங்கினால் பறவை கூட்டை விட்டு இறங்கிவிடும். அந்த உயரத்தில் குளிரும் காற்றும் எப்படி என்று உங்களுக்கே தெரியும். முட்டை எவ்வளவு நேரம் திறந்து கிடக்கலாம்? உங்களுக்கு அது ஒரு முறை. அந்தப் பறவைக்கு ஒரு நாளில் எத்தனை முறை என்று யோசியுங்கள்.

தென்திசை:
நான் மணல்வழி பக்கம். பொலிவியாவில் லகுனா கொலராடா என்ற ஏரிக்குப் போனேன், 4,278 மீட்டர் உயரம். தண்ணீரே செங்காவி நிறம், நடுவில் போராக்ஸ் என்ற உப்பு படிந்து வெள்ளை வெள்ளையாகத் தீவுகள். அங்கே கரையோரமாகக் கொஞ்ச தூரம் நடக்க முடிந்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தபோதுதான் அந்தச் சிவப்பு பாசியால் வருகிறது என்பது எனக்கு உறைத்தது. கையில் அள்ளிய நீரில் நிறமே இல்லை, அடியில் படிந்த சேற்றில்தான் சிவப்பு. அந்த ஒரு நிமிடத்துக்கு அப்புறம் அந்த இடத்தைப் பற்றி வரும் எந்தச் செய்தியையும் நான் படிக்காமல் விட்டதில்லை. தள்ளி நிற்க வைத்தால் பார்த்தவனுக்குப் படம் மட்டும்தான் மிஞ்சும், பாசம் எப்படி வரும்?

கூழைக்கடா:
தென்திசை, நீங்கள் சொல்கிற பாசம் எனக்குப் புரிகிறது. லகுனா கொலராடா இருக்கும் காப்பகத்தில் வண்டித் தடங்களைப் பார்த்தீர்களா? ஒரு பாதை குழியானால் பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் வேறொன்று. மழையே அரிதான மண்ணில் டயர் தடம் அழிய வழியில்லை. அந்த உயரத்தில் யாரெத்தா என்று ஒரு செடி உண்டு. பச்சைப் பாறை போல் உருண்டு கிடக்கும், ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். இடுப்பளவு திட்டு ஒன்று உருவாக எத்தனை தலைமுறை ஆகியிருக்கும்! முன்பு சுரங்கங்களில் அதை விறகாக வெட்டித் தீர்த்தார்கள். அங்கே காயம் எதுவும் சீக்கிரம் ஆறாது.

உயரம்4000:
மூவருமே விட்டுவிட்ட ஒன்றைச் சொல்கிறேன். 4,100 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம். சான் பெத்ரோவே 2,400 மீட்டர். விமானத்தில் வந்து இறங்கி, மறுநாள் காலையிலேயே இந்த ஏரிகளுக்குக் கிளம்புகிறவர்கள் நிறைய. பாதையில் நடக்கும்போதே தலை கனக்கும், நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கும். இதில் சரிவில் இறங்கிக் கரைக்குப் போய்த் திரும்ப ஏறுவது என்றால், இறங்கும்போது தெரியாது, ஏறும்போதுதான் தெரியும். என்னுடன் வந்த ஒருவருக்கு அப்படி ஆகி, வாந்தி எடுத்து, வண்டியில் படுக்க வைத்துக் கீழே கொண்டுவந்தோம். சொக்காயிரே வந்ததுமே முகம் தெளிந்துவிட்டது. இரண்டு மூன்று நாள் கீழே தங்கி உடம்பைப் பழக்கிவிட்டு மேலே போங்கள். கரைக்கு இறங்குவதா இல்லையா என்ற பேச்செல்லாம் அதற்கு அப்புறம்.

மணல்வழி:
உயரம்4000 சொன்னதை ஏற்கிறேன், எனக்கும் தலைவலி இருந்தது. ஆனால் என் கேள்வியின் முக்கியமான பாதிக்கு இன்னும் பதில் வரவில்லை. பெரிய சேதத்தை விட்டுவிட்டுச் சின்னக் காலடியை மட்டும் ஏன் தடுக்கிறோம்?

கூழைக்கடா:
நியாயமான கேள்வி, அதனால் கவனமாகவே பதில் சொல்கிறேன். உப்புநீர் இறைக்கும் சலார் 2,300 மீட்டரில் இருக்கிறது. மிஸ்காந்தி அதற்கு 1,800 மீட்டர் மேலே, தனிப் படுகை. அங்கே இறைப்பதால் இங்கே நீர் இறங்குகிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பூநாரைகள் ஒரே ஏரியில் தங்குவதில்லை, உணவுக்கு ஒன்று, கூட்டுக்கு ஒன்று என்று மாறி மாறிப் பறக்கின்றன. சலாரில் 11 ஆண்டுகளில் ஆண்டியன் பூநாரையும் ஜேம்ஸ் பூநாரையும் 10 முதல் 12 சதவீதம் குறைந்ததை லித்தியம் எடுப்பதோடு தொடர்புபடுத்தி 2022-ல் ஓர் ஆய்வு வந்தது. ஜேம்ஸ் பூநாரை முழுக்க அழிந்துவிட்டதாகவே ஒரு காலத்தில் எண்ணினார்கள், 1950-களில்தான் லகுனா கொலராடாவில் மறுபடி கண்டுபிடித்தார்கள். கீழே அவற்றுக்கு இடம் சுருங்கச் சுருங்க மேலே உள்ள அமைதியான ஏரிகளின் மதிப்பு கூடுகிறது. நீங்கள் காட்டும் அநியாயம் உண்மை. அதனாலேயே மேலே இன்னும் கறாராக இருக்க வேண்டும் என்கிறேன்.

தென்திசை:
அப்படியானால் சுரங்கத்துக்கான விலையைப் பயணி கட்டுகிறான். எனக்கு இது ஒப்பவில்லை. வழிகாட்டியோடு, பத்துப் பேருக்கு மேல் போகாமல், கூடு கட்டாத மாதங்களில் ஓர் இடத்தில் மட்டும் கரைக்கு விடலாமே?

செவ்வானம்:
நான் குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும். எல்லோரும் ஏரியையும் பறவையையும் பற்றிப் பேசுகிறீர்கள், வீட்டுக்காரர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. மிஸ்காந்தி அடங்கிய லாஸ் ஃப்ளமென்கோஸ் காப்பகம் 1990-ல் வந்தது. அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பிருந்தே அத்தகாமாவின் பூர்வகுடிகளான லிக்கன் அந்தாய் மக்கள் அங்கே இருக்கிறார்கள். மிஸ்காந்தி பகுதியைச் சொக்காயிரே மக்கள் பராமரிக்கிறார்கள், விசில் அடித்தவர் பெரும்பாலும் அந்த ஊர்க்காரராகத்தான் இருப்பார். அவர்களுக்கு மலையும் தண்ணீரும் கும்பிடுகிற பொருள். இன்றும் வாய்க்கால் தூர்வாருவதைச் சடங்கோடுதான் செய்கிறார்கள், மழைக்காக மலைகளை வேண்டுகிறார்கள். தென்திசை கேட்கிற ஏற்பாடு நல்லதாகவே இருக்கலாம். அதைச் செய்வதா என்று முடிவெடுக்க வேண்டியவர்கள் அவர்கள். வாசல்வரை வாருங்கள், உள்ளே வேண்டாம் என்று ஒரு வீட்டில் சொன்னால் நாம் காரணம் கேட்டு வழக்காடுவோமா?

மணல்வழி:
செவ்வானம், இதை நான் யோசிக்கவில்லை. நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்தில் ஒரு அம்மா இருந்தார். பாதை வரைபடத்தைக் கையில் கொடுத்து விரலால் கோட்டைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். நான் பாதி கேட்டுக்கொண்டே கேமராவை எடுத்துக்கொண்டிருந்தேன். விசில் விஷயத்தில் என் கோபத்தை வாபஸ் வாங்குகிறேன். லித்தியம் விஷயத்தில் வாங்க மாட்டேன், அந்த அனுமதியையும் இதே கறாரோடு கேள்வி கேட்க வேண்டும்.

தென்திசை:
அதில் உங்களோடு இருக்கிறேன். கரை விஷயத்தில் நான் இன்னும் மாறவில்லை.

கூழைக்கடா:
மாற வேண்டாம், ஆனால் அடுத்த முறை பைனாகுலர் கொண்டுபோங்கள், எட்டு மடங்கு போதும். காற்று மதியத்துக்கு மேல் பலமாகிவிடும், காலையில் தண்ணீர் அசையாமல் கிடக்கும்போது பாதையிலேயே ஓரிடத்தில் அரைமணி நேரம் நில்லுங்கள். பூநாரையின் காலைப் பாருங்கள். மஞ்சள் கால் என்றால் ஆண்டியன், அந்தக் கால் வேறு எந்தப் பூநாரைக்கும் கிடையாது. சாம்பல் காலில் முட்டி மட்டும் சிவந்திருந்தால் சிலியன். நாமக்கோழி கல்லோடு வருகிறதா என்றும் பாருங்கள். நான் பார்த்த அன்று ஒன்று என் கட்டைவிரல் அளவு கல்லைக் கவ்விக்கொண்டு நீந்தி வந்து, மேட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, கழுத்தை நீட்டி ஒருமுறை பார்த்துவிட்டு, அடுத்த கல்லுக்குத் திரும்பிப் போனது.