ஒட்டிப்போன தைமினை எந்தப் பொலிமரேசு தாண்டும்?

பரந்தன் பெடியன்:
உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். ஊதாக்கடந்த கதிர் பட்டால் டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு தைமின்கள் (டி.என்.ஏ.யின் நாலு மூலங்களில் ஒன்று) ஒட்டிக்கொள்ளும், இழையைப் படியெடுக்கும் நொதியமான பொலிமரேசு அந்த இடத்தில் நின்றுவிடும் என்று சேர் சொன்னார். அதைத் தாண்டுகிற பொலிமரேசும் இருக்கிறதாம். சோதனைக்கு வராது என்று மேலே சொல்லவில்லை. சிறுபோகம் முழுக்க அப்பா சட்டை இல்லாமல்தான் வயலில் நிற்கிறார், அதனால் எனக்கு இது மண்டைக்குள் நிற்கிறது. தாண்டத் தெரிந்தது ஒன்று இருந்தால், கலம் ஏன் எப்போதும் அதையே பாவிப்பதில்லை?

வவுனியா அக்கா:
தம்பி, அது படுமோசமாகப் பிழை விடும், அதனால்தான்.

பொலிமரேசின் பகுதிகளுக்கு உள்ளங்கை, விரல்கள், பெருவிரல் என்றே பெயர். இணைக்கும் வேலை உள்ளங்கையில். வழமையாகப் படியெடுக்கும் டெல்ற்றா, எப்சிலன் இரண்டிலும், புது நியூக்கிளியோதைட்டு (இழையில் சேரும் ஓர் அலகு) வந்ததும் விரல்கள் மூடிக்கொள்ளும். சோடி சரி என்றால்தான் ஒழுங்காக மூடும். பார்த்துப் படியெடுக்கிற அச்சு இழையின் ஒரு மூலத்துக்கு மட்டுமே அங்கே இடம். ஒட்டிப்போன இரண்டும் சேர்ந்தே வருவதால் உள்ளே அடங்காது. தப்பித்தவறி எதையாவது சேர்த்தாலும் பிழை பார்க்கும் பகுதி அதை வெட்டிவிடும். திரும்பச் சேர்க்கும், திரும்ப வெட்டும். நின்ற இடத்திலேயே நிற்கும்.

நீர் கேட்கிறது ஈற்றா. அதன் விரலும் பெருவிரலும் கட்டை. இடம் அகலம் என்பதால் இரண்டு தைமினும் ஒன்றாக உள்ளே போகும், எதிரே இரண்டு அடினின் வரும். சின்னவிரல் என்ற கூடுதல் பகுதி ஒன்றும் டி.என்.ஏ.யைப் பிடித்துக்கொள்ளும். மனித ஈற்றாவின் பளிங்குக் கட்டமைப்பு 2010இல் வெளிவந்தது. பழுதுபட்ட டி.என்.ஏ. அதற்குள் வளையாமல், முறிந்த கைக்கு மட்டை வைத்துக் கட்டின மாதிரி நேராக நிற்கிறது. எனக்கு மிகவும் பிடித்த விசயம் இதுதான்.

ஆனால் பிழை பார்த்து வெட்டும் பகுதி அதனிடம் கிடையாது. பழுதில்லாத இழையில் விட்டால் நூறிலிருந்து ஆயிரம் மூலங்களுக்குள் ஒரு பிழை விடும்.

மாங்குளத்தான்:
அக்கா, வெட்டித் திருத்தும் நொதியங்கள் அந்தத் தைமின்களை முதலே அகற்றிவிடுமே? ஈற்றாவுக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

வவுனியா அக்கா:
அகற்றும்தான். அதற்கு முதல் படியெடுப்பு அந்த இடத்துக்கு வந்துவிட்டால்? சீரோடெர்மா பிக்மென்ரோசம் என்ற நோயின் ஒரு வகையில் வெட்டித் திருத்துவது ஒழுங்காக நடக்கும், ஈற்றாதான் பழுது. இது தெரியவந்தது 1999இல். அந்த நோயாளிகளுக்கும் வெயில் பட்ட இடங்களில் தோல் புற்றுநோய் வருகிறது. ஈற்றா இல்லாத இடத்தில், அந்த வேலைக்குப் பொருத்தமில்லாத பொலிமரேசுகள் புகுந்து பிழை விடுகின்றன.

பரந்தன் பெடியன்:
சரி அக்கா. அப்ப ஈற்றா ஏறினால் இறங்காமல் போய்க்கொண்டே இருக்காதா?

வவுனியா அக்கா:
இருக்காது. பழுதைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போனதும் பிடி விட்டுவிடும், டெல்ற்றா திரும்ப வந்து தொடரும். ஏறுகிறதும் நினைத்தபடி நடக்காது. பொலிமரேசை இழையோடு பிடித்து வைக்கும் புரத வளையத்துக்குப் பி.சி.என்.ஏ. என்று பெயர். படியெடுப்பு தடைப்பட்டதும் அந்த வளையத்தில் யுபிகுயிற்றின் என்ற சிறு புரதம் ஒட்டும். ஈற்றா அதைப் பிடித்துத்தான் உள்ளே வரும்.